அகிஹபாராக் கடைவீதி: வாலிபரைப் பழித்தால் யாருக்கு லாபம்?

ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் அகிஹபாரா என்று ஒரு கடைவீதி இருக்கிறது. உலகப் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் இரண்டு மாதிரிதான் எழுதுகின்றன. ஒரு மாதிரி: சித்திரக் கதை, கார்ட்டூன் படம், பிளாஸ்டிக் பொம்மை, வீடியோ விளையாட்டு ஆகியவற்றில் பித்துப் பிடித்து, மீசை முளைத்த பிறகும் பிள்ளைகளாகவே திரிகிறவர்கள் கூடும் இடம் அது, ஒரு தேசத்தின் வாலிபம் எப்படிக் கெட்டுப் போகும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. மற்றொரு மாதிரி: புதிய ஜப்பானின் கலைக் கோயில் அது, வாருங்கள், பாருங்கள், பணத்தைக் கொட்டுங்கள்.

இந்த இரண்டு எழுத்திலும் ஒரு ஆள் காணாமற் போகிறான். அந்த வீதியைத் தன் கையால் உண்டாக்கியவன் அவன். அங்கே விற்கும் பொருளைச் செய்கிறவனும் அவன்தான். ஆறு நாள் தொழிற்சாலையில் மாரடித்துவிட்டு ஏழாம் நாள் அங்கே வந்து நிற்கிறவனும் அநேகமாக அவன்தான். அந்த உழைப்பாளியை விட்டுவிட்டு அகிஹபாராவின் கதையைச் சொல்ல முடியாது. அவனைச் சேர்த்துச் சொன்னால் அது வேடிக்கைக் கதையாக இராது.

தீ எரிந்த வெளி

1869-ல் டோக்கியோவின் கந்தா வட்டாரத்தில் பெருந்தீ மூண்டது. மர வீடுகள் நெருங்கி நின்ற பகுதி. எரிந்த இடத்தில் மறுபடியும் வீடு கட்ட சர்க்கார் விடவில்லை. தீ பரவாமல் தடுக்க அதை வெறும் மைதானமாகவே வைத்து, 1870-ல் தீ காக்கும் ஒரு கோயிலை அங்கே எழுப்பியது. சாதாரண ஜனங்கள் அதைத் தங்களுக்கு நெடுநாள் பழக்கமான அகிபா என்ற தெய்வத்தின் கோயில் என்றே எண்ணிக்கொண்டார்கள். அகிபாவின் வெளி என்ற அர்த்தத்தில் அகிஹபாரா என்ற பெயர் நின்றுவிட்டது.

பிறகு ரயில் வந்தது. கோயில் வேறிடத்துக்குப் போயிற்று. 1890-ல் அங்கே சரக்கு ஸ்டேஷன் திறந்தது. பக்கத்து ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, ரயிலில் வந்த சரக்கைப் படகில் ஏற்றினார்கள். 1925-ல் பிரயாணிகள் ரயில் ஓட ஆரம்பித்தது. 1928-ல் நகரத்தின் பெரிய காய்கறி, பழ மார்க்கெட் ஒன்று அருகில் அமைந்தது. ஆக, பொம்மையும் விளையாட்டும் வருவதற்கு வெகு காலம் முன்பே அது மூட்டை தூக்குகிறவர்களின், வண்டி இழுக்கிறவர்களின் இடம்.

நடைபாதையிலிருந்து பாலத்தடிக்கு

1945-ல் யுத்தம் முடிந்தபோது டோக்கியோ சாம்பல் மேடாகக் கிடந்தது. வேலை இல்லை, சோறு இல்லை. ராணுவம் கைவிட்ட கிடங்குகளிலிருந்து ரேடியோ வால்வு, ஒயர் முதலான சாமான்கள் வெளியே வந்தன. அவற்றைப் பொறுக்கியும் வாங்கியும் கந்தா வட்டாரத்து நடைபாதைகளில் விரித்து விற்றார்கள். ரேடியோ கேட்க ஊரே ஏங்கிய காலம் அது. யுத்த காலத்தில் ஜப்பானிய மக்கள் சர்க்கார் சொன்னதைத் தவிர வேறெதையும் கேட்க முடியாது. சிற்றலை வாங்கிகளை வைத்திருப்பதே குற்றம். அந்தப் பூட்டு உடைந்திருந்தது. ஆனால் கம்பெனி செய்த ரேடியோவின் விலையோ, அதன்மேல் வரியும் சேர்ந்து, ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. தனித்தனியாகச் சாமான் வாங்கிப் பூட்டினால் விலை வெகுவாகக் குறையும்.

அருகிலே ஒரு மின்சாரத் தொழிற்கல்வி நிலையம் இருந்தது. அங்கே படித்த மாணவர்கள் நடைபாதைக் கடைகளில் சாமான் வாங்கி, ராத்திரி உட்கார்ந்து ரேடியோ பூட்டி விற்றுச் சாப்பாட்டுக்கு வழி தேடினார்கள். அதைப் பார்த்து ஒவ்வொரு கடையும் ரேடியோச் சாமான் கடையாக மாறிற்று. எந்த முதலாளியும் திட்டம் போட்டு அந்த வியாபாரத்தை ஆரம்பிக்கவில்லை. பசியும் கைத்திறனும் சேர்ந்து ஆரம்பித்த வியாபாரம் அது.

1949-ல் ஜப்பானை ஆண்டுகொண்டிருந்த அமெரிக்க ராணுவத் தலைமையகம் நடைபாதைக் கடைகளையெல்லாம் எடுத்துவிட உத்தரவிட்டது. போக்குவரத்துக்கு இடைஞ்சலாம். கடைக்காரர்கள் தனித்தனியே காலில் விழப் போகவில்லை. அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. சங்கம் போய் மாற்று இடம் கேட்டது. அகிஹபாராவில் 1932-ல் கட்டிய மேம்பாலத்தின் மீது ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தடியில் இடம் கிடைத்தது. 1951-க்குள் அந்தச் சாமான் கடைகள் அங்கே குடியேறிவிட்டன. இரண்டு பாய் விரிக்கும் அகலந்தான் ஒரு கடை. தலைக்கு மேலே ரயில் தடதடக்கும். அந்த இரண்டு பாய் அகலத்திலிருந்துதான் 'மின்சார ஊர்' என்று உலகமெல்லாம் பெயர் சொல்லும் கடைவீதி எழுந்தது. பாலத்தடிச் சந்துகளில் ஒன்று 60 ஆண்டுக்கு மேல் நடந்து 2013-ல் மூடப்பட்டது. மற்றொன்றில் இன்றும் திருகாணியும் சுவிட்சும் சில்லறையாக விற்கிறார்கள்.

தங்க முட்டைகள்

1950-களின் பிற்பகுதியில் ரேடியோவுக்குப் பின்னால் டெலிவிஷன் வந்தது. சலவை யந்திரமும் குளிர்பதனப் பெட்டியும் வந்தன. ஜப்பானிய ராஜவம்சத்துக்கு மூன்று புனிதச் சின்னங்கள் உண்டு. அதை வைத்து இந்த மூன்று சாமான்களுக்கும் 'மூன்று புனிதச் சின்னங்கள்' என்று ஜனங்கள் கேலியாகப் பெயர் வைத்தார்கள். அகிஹபாராவில் கடைகள் மாடிக் கட்டடங்களாக உயர்ந்தன. 1962-ல் 'ரேடியோ கைக்கான்' என்ற எட்டு மாடிக் கட்டடம் எழுந்தது.

இந்தச் சாமான்களைச் செய்தவர்கள் யார்? 1954 முதல் வடக்கே அஒமோரி மாகாணத்திலிருந்து டோக்கியோவின் உவேனோ ஸ்டேஷனுக்குத் தனி ரயில்கள் விட்டார்கள். 15 வயதில் பள்ளியை முடித்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் கூட்டங் கூட்டமாக அந்த ரயிலில் வந்து இறங்கினார்கள். ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். குறைந்த கூலிக்குக் கிடைத்த அந்தப் பிள்ளைகளுக்கு முதலாளிகள் வைத்த பெயர் 'தங்க முட்டைகள்'. முட்டையின் மேல் அவர்களுக்கு இருந்த ஆசையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை! உவேனோவிலிருந்து அகிஹபாரா இரண்டாவது ஸ்டேஷன்.

இருந்தாலும், அன்று வேலைக்குச் சேர்ந்தவர்களில் பலருக்கு ஒரு நிலைத்த வேலை கிடைத்தது. சங்கம் வைக்க முடிந்தது. சண்டை போட்டுக் கூலியை உயர்த்த முடிந்தது. தாங்கள் செய்த டெலிவிஷனைத் தாங்களே வாங்கவும் ஒரு நாள் முடிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பறிபோனது இதுதான்.

பூட்டத் தெரிந்த கைகள்

1976-ல் ஒரு பெரிய மின்சாரக் கம்பெனி கம்ப்யூட்டரைத் தனித்தனிச் சாமானாகப் பெட்டியில் போட்டு 88,500 யென்னுக்கு விற்றது. எஞ்சினீயர்கள் படிப்பதற்கென்று செய்தது அது. அதே வருஷம் ரேடியோ கைக்கானின் ஏழாவது மாடியில் அதற்காக ஒரு இடம் திறந்தார்கள். வந்து குவிந்தவர்களோ பெரும்பாலும் சாதாரண வாலிபர்கள். சூட்டுக்கோலும் ஈயமும் கையுமாக அவர்கள் கம்ப்யூட்டரைப் பூட்டினார்கள். ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஜப்பானில் வீட்டுக் கம்ப்யூட்டர் பிறந்த இடம் அது என்று பின்னர் அங்கே பலகையே வைத்தார்கள்.

இதேபோன்ற கைகள் சித்திரக் கதையிலும் வேலை செய்துகொண்டிருந்தன. 1975 டிசம்பரில் டோக்கியோவில் ஒரு சிறு சந்தை கூடியது. தாங்களே வரைந்து தாங்களே அச்சிட்ட சித்திரக் கதைப் புத்தகங்களை ஒருவருக்கொருவர் விற்பதற்கான சந்தை. 32 குழுக்கள் கடை போட்டன. வந்தவர்கள் சுமார் 700 பேர். பெரும்பாலோர் பள்ளிக்கூடப் பெண்கள். நாளடைவில் அது லட்சக்கணக்கானோர் கூடும் சந்தையாயிற்று. அந்தப் புத்தகங்களும், வீட்டுப் பட்டறையில் வார்த்த பொம்மைகளும் 1990-களில் அகிஹபாராவின் மாடிகளில் இடம் பிடித்தன. வீட்டுச் சாமான் வியாபாரம் ஊருக்கு வெளியே பெரிய கடைகளுக்குப் போய்விட்டதால் மாடிகள் காலியாக இருந்தன.

இந்த வாலிபர்களுக்கு 'ஒடாகு' என்று பெயர். ஜப்பானிய மொழியில் 'தங்கள் இல்லம்' என்று பொருள். முன்பின் பழகாதவரை மரியாதையாக விளிக்கும் சொல். நெருங்கிப் பழகத் தெரியாமல் ஒருவரையொருவர் அப்படி அழைத்துக்கொண்டார்களாம். 1983-ல் நகாமோரி அகியோ என்ற எழுத்தாளர் ஒரு பத்திரிகையில் அவர்களைப் பரிகசித்து அந்தப் பெயரைச் சூட்டினார். 1989-ல் நான்கு சிறுமிகளைக் கொன்ற ஒரு கொடியவன் பிடிபட்டான். அவன் அறையில் ஆயிரக்கணக்கான வீடியோ நாடாக்கள் இருந்தன. உடனே பத்திரிகைகள் பாய்ந்தன. சித்திரக் கதை படிக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் வருங்காலக் கொலைகாரன் என்பதுபோல் எழுதின. ஒருவன் செய்த பாதகத்துக்கு லட்சம் பேர் தலைகுனிந்து நடக்க வேண்டியதாயிற்று.

படம் வரைகிறவர் பட்டினி

வாலிபர்கள் பித்துப் பிடித்துப் பார்க்கும் கார்ட்டூன் படங்களைச் செய்கிறவர்களின் கதை என்ன? 1961-ல் தோயி என்ற பெரிய படக் கம்பெனியின் கார்ட்டூன் பிரிவில் தொழிலாளர் சங்கம் அமைந்தது. இன்று உலகப் புகழ் பெற்ற மியாசாகி ஹயாவோ 1964-ல் அந்தச் சங்கத்தின் செயலாளர். மற்றொரு பெரிய டைரக்டரான தகஹாதா இசாவோ உபதலைவர். கோஷம் போட்ட அந்தக் கைகள்தான் பின்னர் உலகம் மெச்சிய படங்களை வரைந்தன.

ஆனால் 1963-ல் டெலிவிஷனில் வாராவாரம் கார்ட்டூன் படம் வர ஆரம்பித்தபோது, செலவுக்கே கட்டாத விலைக்குப் படத்தை விற்கும் வழக்கமும் கூட வந்துவிட்டது. பற்றாக்குறையை யார் தாங்குவது? வரைகிறவர்தான். மாதச் சம்பளம் போய், இத்தனை படத்துக்கு இவ்வளவு காசு என்ற துண்டுக் கூலி வந்தது. வேலையை வெளியே கொடுத்தார்கள். பிறகு தென் கொரியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் கொடுத்தார்கள். துண்டுக் கூலி என்றால் என்ன என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அகிஹபாராவில் ஒரு பொம்மை விற்ற லாபம் எங்கெங்கோ போகிறது; அந்தப் பாத்திரத்தின் அசைவை ஒவ்வொரு தாளாக வரைந்த இளைஞனுக்கு வீட்டு வாடகை கொடுக்கப் போதவில்லை.

கடைவீதி கைமாறியது

காய்கறி மார்க்கெட் 1989-ல் வேறிடம் போயிற்று. ஸ்டேஷன் பக்கத்தில் பெரிய நிலம் காலியாயிற்று. 2000-க்குப் பின் நகர சர்க்கார் அதில் கம்ப்யூட்டர் தொழில் மையம் என்று திட்டம் போட்டது. கட்டுமானக் கம்பெனியும் டெலிபோன் கம்பெனியின் நில வியாபாரப் பிரிவும் வந்து வானுயரக் கட்டடம் எழுப்பின. 2005-ல் புது ரயில் பாதை வந்தது. ஸ்டேஷனை ஒட்டியே ராட்சதக் கடை ஒன்றும் திறந்தது. பாலத்தடி வியாபாரிகளின் ஊர் பெரும் பணத்தின் ஊராக மாறிற்று.

வியாபாரத்தின் சரக்கும் மாறிற்று. 2001 முதல் அங்கே வேலைக்காரப் பெண் வேஷத்தில் பரிமாறும் காபிக் கடைகள் பெருகின. உள்ளே நுழைந்தால், 'வாருங்கள் எஜமானே, வீடு திரும்பினீர்களா' என்று வரவேற்பார்கள். சற்று யோசித்துப் பாருங்கள். வாரம் முழுவதும் மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கியவன், காசு கொடுத்து ஒரு மணி நேரம் எஜமானாகிறான். அவனை எஜமான் என்று அழைக்கும் பெண்ணோ மணிக் கணக்குக்குக் கூலி வாங்குகிறவள். இரண்டு பேரும் உழைப்பாளிகள். நடுவிலே நின்று கல்லாவை எண்ணுகிறவன் ஒருவன்.

2005 டிசம்பரில் அங்கே ஒரு கடைக் கட்டடத்தின் மாடியில் பெண்கள் பாடி ஆடும் அரங்கம் ஒன்று திறந்தது. 2009 முதல் அந்தக் கோஷ்டியில் யார் முன்னே நிற்பது என்பதற்குத் தேர்தல் நடத்தினார்கள். இசைத்தட்டு வாங்கினால் அதற்குள்ளே ஓட்டுச் சீட்டு. ஒரே இசைத்தட்டை ஒருவனே கட்டுக் கட்டாக வாங்கினான். எத்தனை தட்டு வாங்குகிறானோ அத்தனை ஓட்டு! பணக்காரர் தேர்தலை ஏழைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகக் கற்றுக் கொடுத்த பள்ளிக்கூடம் என்று இதைச் சொல்லலாம்.

1976-ல் ஏழாவது மாடிக்கு வந்தவன் ஒரு பொருளைச் செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினான். 2006-ல் வந்தவன் பெரும்பாலும் வாங்கிக்கொண்டு திரும்பினான். அவன் மனசு அதற்குள் கெட்டுப்போய்விட்டதா? இல்லை. அவன் நின்ற தரை நழுவியிருந்தது.

2008 ஜூன் 8

ஜப்பானில் 'அனுப்புத் தொழிலாளர்' என்று ஒரு வகை உண்டு. தொழிலாளி ஒரு தரகுக் கம்பெனியின் ஆள். வேலை செய்வது வேறொரு தொழிற்சாலையில். நம் ஆலைகளின் பதிலி, காண்ட்ராக்ட் இரண்டின் கஷ்டமும் ஒன்றாகச் சேர்ந்த நிலை. 1985-ல் இதற்குச் சட்டம் வந்தபோது சில விசேஷ வேலைகளுக்கு மட்டுமே அனுமதி. 1999-ல் வாசலை அகலமாகத் திறந்தார்கள். 2004-ல் தொழிற்சாலை உற்பத்தி வேலைக்கும் அனுமதித்தார்கள். 1985-ல் கூலிக்கு உழைப்பவரில் ஆறில் ஒருவர்தான் நிரந்தரமில்லாதவர். 2008-ல் அது மூன்றில் ஒருவருக்கு மேல் ஆயிற்று.

அந்த 2008 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை. அகிஹபாராவின் பெரிய வீதியில் ஞாயிறுதோறும் வண்டிகளை நிறுத்தி ஜனங்கள் தாராளமாக நடக்க விடும் வழக்கம் 1973 முதல் உண்டு. பகல் பன்னிரண்டரை மணிக்கு 25 வயது வாலிபன் ஒருவன் வாடகை லாரியைக் கூட்டத்துக்குள் ஓட்டினான். இறங்கிக் கத்தியால் குத்தினான். ஏழு பேர் மாண்டார்கள். பத்துப் பேர் காயமடைந்தார்கள். மாண்டவர்களில் 19 வயதுப் பிள்ளையும் உண்டு, 74 வயது முதியவரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கு வந்த அப்பாவி மக்கள். இந்தக் கொலைக்கு நியாயம் கற்பிக்க எவருக்கும் உரிமை கிடையாது. அவனுக்கு மரண தண்டனை விதித்தார்கள். 2022 ஜூலையில் தூக்கிலிட்டார்கள்.

அவன் யார்? அஒமோரி மாகாணத்திலிருந்து வந்தவன். அரை நூற்றாண்டுக்கு முன் 'தங்க முட்டைகள்' ரயில் ஏறிய அதே வடக்குச் சீமை. மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் அனுப்புத் தொழிலாளி. தங்கியிருந்ததும் தரகுக் கம்பெனி கொடுத்த அறையில். அந்தத் தொழிற்சாலையில் அனுப்புத் தொழிலாளரில் பெரும் பகுதியினரை ஜூன் கடைசியில் நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. கொலைக்கு மூன்று நாள் முன்பு வேலைக்குப் போனவன், தன் வேலை உடையைக் காணோம், தன்னை நீக்கிவிட்டார்கள் என்று கத்திவிட்டு வெளியேறினான். கோர்ட்டில் அவன் சொன்ன காரணம் வேறு. தினமும் தன் மனக்குறையை எழுதி வந்த இணையப் பலகையில் பிறர் புகுந்து தொல்லை கொடுத்தார்களாம். அவர்களுக்குத் தன் கோபத்தைக் காட்டினானாம்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உடம்பெல்லாம் வலிக்க உழைக்கும் ஒருவனுக்கு மனசு விட்டுப் பேச ஒரு பலகைதான் இருந்தது. பக்கத்து யந்திரத்தில் நின்றவன் அடுத்த மாதம் இருப்பானா என்பது தெரியாது. யூனியன் ஆபீஸ் இல்லை, தேநீர்க் கடைப் பெஞ்சு இல்லை, தோளில் கை போட்டு 'என்னப்பா விஷயம்' என்று கேட்க ஆள் இல்லை. இப்படி இருந்த லட்சோப லட்சம் பேர் யாரையும் கொல்லவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. அவர்கள் மௌனமாகச் சகித்தார்கள். அவர்களைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

சர்க்கார் என்ன செய்தது? கத்திச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 2009 ஜனவரியில் அது அமுலுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நடைவீதியை நிறுத்தியது. 2011 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது. அனுப்புத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தவோ 2012 ஆயிற்று. நாட்கூலிக்கு ஆளனுப்புவதற்குத் தடை வந்தது. ஆனால் தொழிற்சாலை வேலைக்கு ஆளனுப்புவதைத் தடுக்கும் ஷரத்தை, கட்சிகள் பேரம் பேசி எடுத்துவிட்டன. கத்திக்கு ஏழு மாதம், கூலிக்கு நாலு வருஷம், அதுவும் அரைகுறை!

பூங்காவில் ஒரு கிராமம்

2008 அக்டோபரில் அன்றைய பிரதம மந்திரி அசோ தாரோ அகிஹபாராவுக்கு வந்து தெருவில் பேசினார். தாமும் சித்திரக் கதைப் பிரியர் என்று சொல்லி அந்த வாலிபரிடையே பெயர் எடுத்தவர் அவர். இரண்டு மாதங்கூட ஆகவில்லை. உலகப் பொருளாதார நெருக்கடியைக் காட்டித் தொழிற்சாலைகள் அனுப்புத் தொழிலாளரை ஆயிரக்கணக்கில் விரட்டின. வேலை போன அன்றே தங்கும் அறையும் போயிற்று. நடுங்கும் குளிரில் தெருவுக்கு வந்தார்கள்.

அப்போதுதான் ஒரு நல்ல காரியம் நடந்தது. டிசம்பர் 31-ந் தேதி, தொழிலாளர் மந்திரி காரியாலயத்துக்கு எதிரே இருக்கும் ஹிபியா பூங்காவில் சங்கத்தாரும் தொண்டர்களும் கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, கஞ்சி காய்ச்சினார்கள். 'வருஷப் பிறப்பு அனுப்புத் தொழிலாளர் கிராமம்' என்று பெயர் வைத்தார்கள். சுமார் 500 பேர் வந்து சேர்ந்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்த மூன்று தொழிற்சங்க மத்திய ஸ்தாபனங்களும் அங்கே ஒன்றாக நின்றன. கூடாரம் போதாமல் ஜனவரி 2-ந் தேதி இரவு சர்க்கார் தன் காரியாலய மண்டபத்தையே திறந்துவிட வேண்டியதாயிற்று.

அதே 2008-ல் இன்னொரு அதிசயமும் நிகழ்ந்தது. கோபயாஷி தகிஜி 1929-ல் எழுதிய 'நண்டுக் கப்பல்' என்ற நாவல் திடீரென்று லட்சக்கணக்கில் விற்றது. கடலில் நண்டு பிடித்து டப்பாவில் அடைக்கும் கப்பலில் கூலிகள் படும் பாட்டையும், அவர்கள் ஒன்று சேர்வதையும் சொல்லும் கதை. ஆசிரியரை 1933-ல் போலீசார் சித்திரவதை செய்து கொன்றார்கள். 79 ஆண்டுக்கு முந்திய அந்தக் கதையில் தங்கள் முகத்தைக் கண்டவர்கள், சித்திரக் கதை தவிர வேறெதுவும் படிக்காதவர்கள் என்று ஏசப்பட்ட அதே தலைமுறை வாலிபர்கள்.

பழிப்பதை நிறுத்துவோம்

இங்கேதான் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. பொம்மையும் விளையாட்டும் ஆபாசக் குப்பை, அதில் மயங்குகிறவன் உருப்படமாட்டான் என்று பெரியவர்கள் பேசுவது சுலபம். குப்பை இல்லை என்று நான் வாதாட வரவில்லை. சின்னஞ் சிறுமிகளை அலங்கோலமாகச் சித்திரித்துக் காசு பார்க்கும் சரக்கும் அந்த வீதியில் விற்றிருக்கிறது. அதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் குப்பையை விற்கிறவனை விட்டுவிட்டு, களைத்துப்போய் வந்து நிற்கிறவனைக் காறித் துப்பினால் அவன் எங்கே போவான்? இன்னும் ஒதுங்குவான்; இன்னும் ஊமையாவான்.

அந்த வாலிபர்கள் அகிஹபாராவில் தேடியது என்ன? கையால் ஒன்றைச் செய்யும் சந்தோஷம். தன்னைப்போல் ஒருவனைச் சந்திக்கும் ஆறுதல். ஒரு விஷயத்தில் தான் கெட்டிக்காரன் என்ற மரியாதை. இந்த மூன்றும் தொழிற்சாலையிலேயே ஒரு மனிதனுக்குக் கிடைக்க வேண்டியவை. அங்கே பிடுங்கிக்கொண்டதைத்தான் இங்கே துண்டு போட்டு விற்கிறார்கள்.

1949-ல் நடைபாதைக் கடைக்காரர்களிடம் பணமில்லை, அதிகாரமில்லை. சங்கம் இருந்தது, பாலத்தடி கிடைத்தது. 2009 ஜனவரியில் வேலை போனவர்களிடம் படுக்கப் பாயில்லை. கூடி நின்றார்கள், மந்திரி காரியாலயக் கதவு திறந்தது. இரண்டுக்கும் நடுவில் அறுபது ஆண்டு ஓடிவிட்டது. இன்றும் ஜப்பானில் கூலிக்கு உழைப்பவரில் மூன்றில் ஒருவருக்கு மேல் நிரந்தரமில்லாதவர். அவர்களில் ஒருவன் இந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்த வீதியில் தனியாக நிற்பான். அவனிடம் முதலில் போய்ப் பேசுவது வியாபாரியா, சங்கத்துக்காரனா என்பதுதான் கேள்வி. சங்கத்துக்காரன் பேசப் போனால், அவன் கையிலிருக்கும் பொம்மையைப் பார்த்துச் சிரிக்காமல் பேசட்டும்.